பள்ளித் தோட்டச் சேவை: ஓராண்டு பார்த்தபின் ஒரு மதிப்பீடு

ஒட்டன்சத்திரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊர் ஒன்றில் இருக்கும் எங்கள் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளிக்கு, முன்னாள் மாணவர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில், சென்ற கல்வியாண்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் பள்ளித் தோட்டச் சேவையை ஓராண்டு ஒப்பந்தத்தில் பெற்றோம். பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர் என்ற முறையிலும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் பெற்றோர் என்ற முறையிலும் அந்தச் சேவையைத் தொடக்கம் முதல் இறுதிவரை அருகிலிருந்து பார்த்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதைப் போன்ற தொகுப்பைத் தருவோர் இப்போது பல நகரங்களில் இருக்கிறார்கள். நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் பொதுவானவையாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆகவே யாரிடம் வாங்குவது என்பதைக் காட்டிலும் எதைக் கேட்டு வாங்குவது, எதை வேண்டாம் என்று சொல்வது என்பதே இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும்.

ஓராண்டுக் கட்டணம் 48,000 ரூபாய். அதில் 27,000 ரூபாய் பொருள்களுக்கு, 21,000 ரூபாய் பயிற்றுநரின் 30 வருகைகளுக்கு. பள்ளியின் பின்புறம் முள்செடி மண்டிக் கிடந்த 3 சென்ட் இடத்தைத் திருத்திப் பாத்தி கட்டித் தருவது, 40 வளர்ப்புப் பைகள், அவற்றை நிரப்பத் தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைப் பொட்டலங்கள், சிறுவர் கைக்கு ஏற்ற அளவில் களைக்கொத்துகளும் பூவாளிகளும், டைமர் பொருத்திய சொட்டுநீர்க் குழாய், 4 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல் ஆகியவை பொருள்களில் அடக்கம். வாரம் ஒரு முறை வரும் பயிற்றுநர் இரண்டு பாடவேளைகள் தோட்டத்தில் வகுப்பெடுப்பார் என்று ஒப்பந்தம் கூறியது.

அவர்கள் கொண்டுவந்த விளக்கக் கையேட்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரத் தோட்டம் ஒன்றின் படம் பெரிதாக அச்சாகியிருந்தது. சமையற்கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான நடுநிலைப் பள்ளி ஒன்றில் தொடங்கிவைத்த, ஓர் ஏக்கர் பரப்புள்ள அந்தத் தோட்டம் உலகெங்கும் பேசப்படுவது உண்மைதான். ஆனால் அந்தத் தோட்டத்துக்கு இணையாக ஒரு சமையல் வகுப்பறையும் அங்கே இயங்குகிறது என்பதையும், பாத்தியில் விளைந்ததைப் பிள்ளைகளே நறுக்கிச் சமைத்து ஒரே மேசையில் அமர்ந்து உண்பது அந்தத் திட்டத்தின் சரிபாதி என்பதையும் கையேடு சொல்லாமல் விட்டுவிட்டது. இந்தப் பாதி விடுபட்டதுதான் எங்களுக்குக் கிடைத்த சேவையின் முதன்மையான குறை என்பது ஆண்டு முடியும் தறுவாயில்தான் எனக்குத் தெளிவாயிற்று.

தோட்டத்தைக் கல்வியோடு சேர்ப்பது பெர்க்லியில் பிறந்த எண்ணமும் இல்லை. கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840இல் தம் பள்ளிக்குச் சூட்டிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல், பிள்ளைகளுக்குச் சிறு பாத்திகளை ஒதுக்கி வளர்க்கச் சொன்னவர். அந்தப் பெயரின் பொருளே குழந்தைகளின் தோட்டம் என்பதுதான். காந்தியடிகள் 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில்களோடு வேளாண்மைக்கும் இடம் இருந்தது. அந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்த டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் எங்கள் மாவட்டத்திலேயே சின்னாளபட்டிக்கு அருகில் இருக்கிறது. கையேட்டை எழுதியவருக்குப் பெர்க்லி தெரிந்திருக்கிறது, சின்னாளபட்டி தெரியவில்லை.

பொருள்களைப் பற்றி விரைந்து சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்தில் வரவேண்டிய பொருள்கள் ஜூலை நான்காம் வாரத்தில் வந்து சேர்ந்தன. இதைக் குறையாக எழுதலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லுக்கு அந்தத் தாமதம் தானாகவே பொருந்திவிட்டதால் எங்களுக்கு இழப்பு ஏதும் இல்லை. களைக்கொத்துகளும் பூவாளிகளும் நல்ல தரம். பத்து வயதுப் பிள்ளை பெரியவர்களின் மண்வெட்டியைத் தூக்கிக் காலில் போட்டுக்கொள்ளும் அச்சம் இல்லாமல் வேலை செய்ய முடிந்தது. வளர்ப்புப் பைகள் எங்களுக்குத் தேவையே இல்லாதவை. நகரத்து மொட்டைமாடிப் பள்ளிக்கு அவை பொருந்தலாம். காலடியில் செம்மண் கிடக்கும் ஊரில் மண்ணைப் பைக்குள் கட்டிவைப்பதற்கு 40 பைகளை விலைகொடுத்து வாங்கியது எங்கள் குழு செய்த தவறு.

அந்தப் பைகளில் நிரப்பிய தென்னை நார்க்கழிவு இன்னொரு பாடம் கற்பித்தது. நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசிய பின்போ, மட்கவைத்த பின்போதான் செடிக்குப் போட வேண்டும். நிறுவனத்தின் ஆட்கள் கட்டியை உடைத்து நனைத்து அப்படியே நிரப்பிவிட்டார்கள். பத்து நாளில் தக்காளி நாற்றுகளின் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. ஒரு மாணவியின் தாத்தா வந்து பார்த்துவிட்டு, பைகளைக் கொட்டி அலசச் செய்து, செம்மண்ணும் தொழுவுரமும் சம அளவில் கலந்து மீண்டும் நிரப்பிக் கொடுத்தார். நிறுவனத்துக்கு இதைத் தெரிவித்தபோது புதிய நாற்றுகளை விலையின்றி அனுப்பிவைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

விதைத் தேர்வுதான் என்னை உண்மையில் எரிச்சலூட்டியது. வெண்டை, கத்தரி, தக்காளி ஆகியவற்றோடு கேரட், லெட்யூஸ் ஆகிய பொட்டலங்களும் இருந்தன. கேரட் கொடைக்கானல் மலையில் விளைவது. மலையடிவாரத்துக்குக் கீழே ஆடி மாத வெயிலில் விதைத்தால் சுண்டுவிரல் பருமனில் கவட்டையாகப் பிரிந்த வேர்தான் கிடைக்கும், அதுதான் கிடைத்தது. லெட்யூஸ் வெப்பத்தில் தண்டு விட்டுக் கசந்து போயிற்று. அவரை, கொத்தவரை, பீர்க்கு, புடலை, தண்டுக்கீரை ஆகிய எதுவும் பெட்டியில் இல்லை. கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி அனுப்பும் சந்தைக்குப் பக்கத்து ஊரில், அந்தச் சந்தைக்கு மூட்டை ஏற்றும் வீடுகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு, அந்தச் சந்தையில் கிடைக்கும் காய்களின் விதை வரவில்லை. அந்தக் குறையைத் தலைமையாசிரியர் ஒரே நாளில் தீர்த்துவிட்டார்: வீட்டில் இருக்கும் விதையில் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொன்னார். மறுநாள் காலைக் கூட்டத்தில் காகித மடிப்புகளிலும் பழைய மாத்திரை டப்பாக்களிலுமாக ஒன்பது வகை விதைகள் வந்து சேர்ந்தன. செடிமுருங்கை விதையும் அதில் இருந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 வகை அது. விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்குவதால் ஒரே கல்வியாண்டுக்குள் பிள்ளைகள் காய் பறித்துவிட முடியும்.

இதில் ஒரு முரணையும் சுட்ட வேண்டியிருக்கிறது. பயிற்சி நூலில் விதை சேமித்தலுக்கு ஒரு முழுப்பாடம் உண்டு. நன்றாக முற்றிப் பழுத்த காயைத் தேர்ந்தெடுத்து, விதையை எடுத்து, உலர்த்தி, சாம்பல் தடவி வைக்கும் முறை படங்களோடு விளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் கொடுத்த தக்காளியும் கத்தரியும் வீரிய ஒட்டுரகங்கள். ஒட்டுரகத்தின் விதையை எடுத்து மறுமுறை விதைத்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது, செடிக்குச் செடி மாறும். பாடத்தின்படி விதை எடுத்து வைத்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பிறகு விளக்க வேண்டிய பொறுப்பு அறிவியல் ஆசிரியருக்கு வந்தது. அவர் அதையே மரபியலுக்கு ஒரு முன்னுரையாக மாற்றிக்கொண்டார் என்பது அவருடைய திறமை. நூலின் பிழையை அது மறைத்துவிடாது.

நூலைப் பற்றி வேறு அதிகம் சொல்வதற்கில்லை. வழவழப்பான தாள், அழகிய வண்ணம், வேறொரு மொழியில் எழுதி மாற்றியது தெரியும் நடை. அதில் வரும் சிறுமி இலையுதிர்காலத்தில் பூசணி பறிக்கிறாள். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை. பாத்தியில் தேங்கிய தண்ணீரை வடிப்பதே அப்போதைய வேலை. அதற்கு நூலில் ஒரு வரியும் இல்லை.

இப்போது பயிற்றுநருக்கு வருகிறேன். இந்தச் சேவையில் கொடுத்த பணத்துக்கு மேல் கிடைத்தது என்று நான் சொல்லக்கூடியது முதல் நான்கு மாதம் வந்த இளைஞரின் வகுப்புகளை மட்டுமே. தோட்டக்கலை படித்தவர். கேள்விக்கு உடனே விடை சொல்லாத பழக்கம் அவரிடம் இருந்தது. பள்ளியின் பழைய கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கிடந்த ஒன்றைப் பிள்ளைகள் காட்டியபோது, அதைத் தொடாமல் நாள்தோறும் பார்த்து எழுதி வரும்படி மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரத்துக்குள் அது பச்சைப் புழுவாகிவிட்டது. ஒரு பையன் ஈர்க்குச்சியால் மெல்லத் தொட, தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல் ஒரு செம்மஞ்சள் கொம்பு நீண்டு, ஒரு நெடியும் வந்தது. வகுப்பே பின்வாங்கியது. எச்சம்போல் தோன்றுவதும் நெடி விடுவதும் பறவைகளிடமிருந்தும் எறும்புகளிடமிருந்தும் தப்புவதற்கான வழிகள் என்று அதன் பிறகுதான் அவர் விளக்கினார். கூட்டுப்புழுவைக் கிளையோடு ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்தார்கள். ஏறத்தாழப் பத்து நாளில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி ஒன்று காலைப் பாடவேளையில் வெளிவந்து, சிறகு உலரும்வரை குடுவையின் விளிம்பில் அமர்ந்திருந்தது. கறிவேப்பிலையைத் தின்னும் புழுவைக் கொல்வதா விடுவதா என்று அன்று ஐந்தாம் வகுப்பில் நடந்த வாக்குவாதம் இரண்டு பாடவேளைகளைத் தாண்டி மதிய உணவு வரிசையிலும் தொடர்ந்தது. முடிவு எட்டப்படவில்லை. சில கிளைகளைப் புழுவுக்கு விட்டுவிடுவது என்று பிள்ளைகளாகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

பூக்களுக்கு என்று தனி நேரம் உண்டு என்பதையும் அவர்தான் பாட அட்டவணையோடு இணைத்தார். பரங்கிப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்கு முன்பே மூடிக்கொள்ளும். ஆகவே அவர் வரும் நாளில் மட்டும் தோட்ட வகுப்பு முதல் பாடவேளைக்கு மாற்றப்பட்டது. காம்பில் பிஞ்சோடு இருப்பது பெண் பூ, வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ என்று அடையாளம் கண்டு, ஆண் பூவின் இதழ்களை நீக்கி மகரந்தத்தைப் பெண் பூவில் தடவிய பிள்ளைகள், தாங்கள் தொட்ட பூவுக்கு நூல் கட்டி வைத்து, பிஞ்சு தங்கியதா உதிர்ந்ததா என்று கணக்கெடுத்தார்கள். பீர்க்கோ மாலையில்தான் மலர்வது. பள்ளி விடும் நேரத்தில் மொக்காகவே நிற்கும். பள்ளிக்கு அடுத்த தெருவில் இருக்கும் பிள்ளைகள் ஐந்தரை மணிக்கு வந்து பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்வார்கள். சங்கப் பாடல்களில் தலைவியின் பசலை நிறத்துக்குப் பீர்க்கம்பூ உவமையாக வருவதைத் தமிழாசிரியர் எட்டாம் வகுப்பில் சொன்னபோது, அந்தப் பூவை நேரில் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள் என்பது அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

நவம்பரில் அவரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டு இன்னொருவரை அனுப்பினார்கள். அவர் மழையைக் காரணம் காட்டிப் பெரும்பாலும் வகுப்பறையிலேயே பயிற்சி நூலை வாசிக்கவைத்தார். ஆறு வாரம் கழித்து எழுத்தில் முறையிட்ட பின் மூன்றாமவர் வந்தார், அவர் பரவாயில்லை. ஒப்பந்தப்படி 30 வருகைகளில் உண்மையில் நடந்தவை 23. மீதி ஏழுக்கான தொகையை நாங்கள் கேட்டபோது அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

முதலாமவரிடமும் ஒரு குறை இருந்தது, அது அவருடைய படிப்பு தந்த குறை. செப்டம்பர் மாத வகுப்பொன்றில் பாத்தியில் முளைத்திருந்த களைகளைப் பிடுங்கிக் குவிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்துணவுக் கூடத்தின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சமையலர் அம்மா இறங்கி வந்து, “தம்பி, அதைப் பிடுங்கிப் போடாதீங்க, அது தொய்யக்கீரை” என்றார். பிறகு குவியலையே கிளறி, இது மூக்கிரட்டை, இது தரைப்பசலை, இது குப்பைக்கீரை என்று தனித்தனியாக எடுத்து வைத்தார். குப்பைமேனியைக் காட்டி, இதைத் தின்னக் கூடாது, சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசலாம் என்றார். பயிற்றுநர் குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்; அந்தப் பண்பை நான் மெச்சுகிறேன். நட்டு வளர்த்த கீரையைவிட நடாமல் வந்த கீரை அந்தப் பாத்தியில் அதிகம் என்பது அன்று தெரிந்தது. பெயர் தெரிந்த பெரியவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் தானாக முளைத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்ற விதியையும் அன்றே தலைமையாசிரியர் கரும்பலகையில் எழுதச் செய்தார். பல வீடுகளில் பாட்டிமாரோடு நின்றுபோன அறிவு இது. நிறுவனத்தின் 48,000 ரூபாய்த் தொகுப்பில் இதற்கு இடமில்லை, சமையலருக்கோ அந்த ஒப்பந்தத்தில் எந்தப் பங்கும் இல்லை.

சமையற்கூடம் தோட்டத்தோடு சேர்ந்தது எங்கள் பிடிவாதத்தால்தான். முதல் அறுவடைக்கு நிறுவனம் வகுத்திருந்த திட்டம், பிள்ளைகள் கீரைக் கட்டுகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வதும் அவற்றைப் பெற்றோருக்கு விற்பதும். தலைமையாசிரியர் அதற்கு ஒப்பவில்லை. பள்ளித் தோட்டத்தில் விளைந்ததை மதிய உணவில் சேர்க்க வேண்டும் என்பது மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019இல் வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது என்று அவர் சொன்னார். 1956இல் காமராசர் காலத்தில் பரவலான மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்த திட்டமும், 2024 ஜூலை முதல் ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கும் வந்துவிட்ட காலை உணவும் இருக்கிற மாநிலத்தில், பள்ளிக்குள் நாள்தோறும் அடுப்பு எரிகிறது. பெர்க்லியில் தனியாகக் கட்டவேண்டியிருந்த சமையல் வகுப்பறை இங்கே ஏற்கெனவே நிற்கிறது. அதை ஒரு பள்ளித் தோட்டச் சேவை கவனிக்காமல் போவதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் தண்டுக்கீரை விதைத்த இருபத்தாறாம் நாளில் சமையற்கூடத்துக்குப் போயிற்று. கீரை ஆய்வதற்கு முதலில் வந்து அமர்ந்தவர்கள் எல்லோரும் சிறுமிகள். தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டு மறுமுறை முதல் பெயர்ப் பட்டியல்படி ஆய்வதற்கு ஆள் அனுப்பினார்; இரண்டாம் தடவை ஆய்ந்ததில் தண்டும் வேரும் மண்ணும் கலந்திருந்ததற்குச் சில பையன்களே காரணம் என்றாலும் மூன்றாம் தடவைக்குள் தேறிவிட்டார்கள். மண்ணில் வேலை செய்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, கீரையை உப்பு நீரில் மூன்று முறை அலசுவது ஆகியவற்றைச் சமையலர்தான் கண்டிப்போடு பழக்கினார். இவை எதுவும் பயிற்சி நூலில் இல்லை.

தாங்கள் வளர்த்ததைப் பிள்ளைகள் விரும்பி உண்பார்கள் என்று கையேடு உறுதி சொன்னது. நான் பார்த்ததில் அது பாதி உண்மை. கீரைச் சாதத்தில் கீரையை ஒதுக்கும் பழக்கம், கீரை அறுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் அன்றைக்குக் குறைந்தது. அறுக்காத வகுப்பில் எந்த மாற்றமும் இல்லை. முள்ளங்கி சமையற்கூடத்தை எட்டவே இல்லை. பிடுங்கிய இடத்திலேயே கழுவி உப்புத் தொட்டுத் தின்றுவிட்டார்கள். அறுவடைப் பதிவேட்டில் முள்ளங்கிக்கு எதிரே எடைக்குப் பதில் ஒரு கோடுதான் இருக்கிறது. பாகற்காயை வளர்த்த பிள்ளைகளும் தின்னவில்லை, வளர்க்காத பிள்ளைகளும் தின்னவில்லை. என் மகள் பந்தலில் காய்த்த முதல் பாகற்காய்க்குப் பெயர் சூட்டியிருந்தாள். அது குழம்பில் வந்தபோது தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள் என்று வகுப்பாசிரியரிடம் சொன்னேன், அவர் பள்ளியிலும் அதே நிலைதான் என்றார்.

பள்ளியின் காய்கறித் தேவையைத் தோட்டமே நிறைவுசெய்யும் என்ற வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் பள்ளியில் தொடக்க வகுப்புகளில் 84 பிள்ளைகள், மேல் வகுப்புகளில் 61 பிள்ளைகள். மதிய உணவு விதிப்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம், மேல் வகுப்புப் பிள்ளைக்கு 75 கிராம் காய்கறி வேண்டும். கூட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய எட்டேமுக்கால் கிலோ. எங்கள் 3 சென்ட் தோட்டம் ஆண்டு முழுவதும் கொடுத்தது, எடைபோட்டு எழுதியவரையில், 96 கிலோ. பதினொரு நாள் தேவை. இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். மீதி நாள்களுக்கான காய் எத்தனை சென்ட் நிலத்தில், யாருடைய உழைப்பில் விளைகிறது என்ற கேள்வி அதைத் தொடர்ந்து எழுந்தது. அவர்களில் பலருக்கு அதன் விடை வீட்டில் இருந்தது.

அந்த வீடுகளிலிருந்துதான் எதிர்ப்பும் வந்தது. நாங்கள்தான் மண்ணைக் கிண்டுகிறோம், பிள்ளையையும் அதற்கா அனுப்பினோம் என்று இரண்டு தந்தையர் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டார்கள். இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பள்ளியில் யாரைக் கூட்டச் சொல்கிறார்கள், யாரைத் தண்ணீர் சுமக்கச் சொல்கிறார்கள் என்பதில் சாதி புகுந்துகொள்ளும் நாட்டில், பிள்ளைகள் கையில் களைக்கொத்தைக் கொடுக்கும் எவரும் முதலில் அதற்கு விடை சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் எடுத்த முடிவு: வேலைப் பட்டியல் அகர வரிசையில் மட்டும் போகும், பட்டியலில் ஆசிரியர்களின் பெயரும் இருக்கும், தோட்ட வேலை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்கப்படாது. கேட்ட இருவரில் ஒருவர் பிறகு பந்தலுக்கு மூங்கில் கொண்டுவந்து நட்டுக் கொடுத்தார். மற்றவர் இன்னும் ஏற்கவில்லை.

விடுமுறைதான் பள்ளித் தோட்டத்தின் எமன். இந்தச் சேவையில் அதற்கான ஏற்பாடு டைமர் மட்டும். காலாண்டு விடுமுறையில் அது வேலை செய்தது. அரையாண்டு விடுமுறையில் மின்கலம் தீர்ந்துபோய், எலி கடித்த குழாயில் தண்ணீரும் ஒழுகிப்போய், திரும்பி வந்தபோது தக்காளியில் பாதி காய்ந்து நின்றது. அதற்குப் பின் டைமரைக் கழற்றிவிட்டோம். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைகள் முறைவைத்துப் பூவாளியால் ஊற்றினார்கள். தட்டுக் கழுவும் குழாயடி நீரைக் கால்வாய் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் திருப்பினோம். கையால் ஊற்றும்போது செடியின் அடியைப் பார்க்கிறார்கள். அசுவினி ஏறியிருப்பதையும் அதைத் தின்னப் பொறிவண்டு வந்திருப்பதையும் சொன்னவர்கள் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள்தான். சத்துணவு முட்டையின் ஓடுகளை நொறுக்கி மட்கு குழியில் போடும் யோசனையும் அவர்களில் ஒருவருடையது.

கோடை விடுமுறைக்கு நிறுவனம் சொன்ன வழி, ஏப்ரலில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஜூனில் புதிதாகத் தொடங்குவது. நாங்கள் அப்படிச் செய்யாமல், ஈரம் காயாமலிருக்க மண்ணுக்கு மூடாக்குப் போட்டு முருங்கையையும் வாழையையும் காப்பாற்றி, கோடை மழை பெய்த ஈரத்தில் காலிப் பாத்திகளில் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதைத்தோம்.

இரண்டாம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் கேட்டு ஒப்பந்தம் அனுப்பினார்கள். பைகள், நார்க்கட்டி, விதைப் பெட்டி, நூல், டைமர் எதுவும் வேண்டாம், பயிற்றுநர் மட்டும் போதும் என்று எழுதினோம். முதலில் தனியாகத் தருவதில்லை என்றார்கள். பிறகு வருகைக்கு 900 ரூபாய் வீதம் 20 வருகைகளுக்கு ஒப்புக்கொண்டார்கள், சென்ற ஆண்டின் நிலுவையும் அதில் கழியும். ஆண்டு நடுவில் பயிற்றுநரை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், மாதம் ஒரு வகுப்பு சமையற்கூடத்தில் நடக்க வேண்டும், விதை எங்கள் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தே வரும் என்ற மூன்றையும் எழுத்தில் சேர்த்திருக்கிறோம். உங்கள் பள்ளி முதன்முறையாக வாங்குவதானால் சிறுவர்க்கான கருவிகளை மட்டும் கூடுதலாகக் கேளுங்கள். வேறு பொருள் எதுவும் தேவைப்படாது. மொட்டைமாடி தவிர வேறு இடமில்லாத பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு மாறும்.

இந்த ஆண்டின் முதல் தோட்ட வகுப்பு ஆடி முதல் வாரத்தில். பயிற்றுநரின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் பொறுப்பைச் சமையலர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். சணப்பு இப்போது முழங்காலைத் தாண்டிவிட்டது. பூக்கத் தொடங்குவதற்கு முன் மண்ணுக்கு உரமாக மடக்கிப் போட வேண்டும்.